படித்தவர் கைநாட்டு வைப்பதா?
மங்கிய கண்களுக்கு உதவும் மின்னணுப் பூதக்கண்ணாடி

காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கூட்டுறவு வங்கி. குறுவை நெல் போட்ட பணத்தை எடுக்க ஒரு பெரியவர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. முத்து முத்தான கையெழுத்து. ஊரில் பத்துப் பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவர்.

"தம்பி, கணக்கில் எவ்வளவு ஏறியிருக்கிறது? கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா" என்று பாஸ் புத்தகத்தை நீட்டுகிறார்.

"ஐயா, கையெழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டதே! பேசாமல் கைநாட்டு வைத்துவிடுங்கள்" என்கிறார் குமாஸ்தா.

மை தடவிய கட்டை விரலைப் பார்க்கும்போது பெரியவருக்கு எப்படி இருக்கும்? பணம் கைக்கு வந்துவிட்டது. ஆனால், அவர் படித்த படிப்பு அந்த மேஜையிலேயே நின்றுவிட்டது!

இத்தனைக்கும் அவருக்குப் பார்வை அடியோடு போய்விடவில்லை. வரப்பில் தனியாக நடக்கிறார். எதிரே வரும் ஆள் யார் என்று குரலைக் கேட்டுச் சொல்லிவிடுகிறார். எழுத்துதான் பிடிபடவில்லை.

குறைபார்வை என்றால் என்ன?

இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் ‘குறைபார்வை’. மற்றவர்கள் 18 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும் எழுத்தை, 6 மீட்டர் கிட்டே வந்தும் படிக்க முடியாத கண் என்று சுருக்கமாகச் சொல்லலாம். சிகிச்சை செய்து, சரியான மூக்குக் கண்ணாடி போட்ட பிறகும் அப்படியே இருந்தால்தான் அது குறைபார்வை.

கண்புரை என்றால் ஆபரேஷன் உண்டு. பெரும்பாலோருக்குப் பார்வை திரும்புகிறது. ஆனால் சர்க்கரை நோயினால் விழித்திரை கெட்டவர்கள், கண்ணில் நீரழுத்த நோய் கண்டவர்கள், வயது ஏற ஏற விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோனவர்கள் ஆகியோருக்கு இழந்த பார்வை திரும்புவது அரிது. "இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை" என்று அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

செய்வதற்கு ஒன்று இருக்கிறது. மிச்சமிருக்கும் பார்வையை வீணாக்காமல் உபயோகிப்பதுதான் அது.

சரபோஜி காட்டிய வழி

கண்ணைப் பற்றிய கவலை தஞ்சைக்குப் புதிதல்ல. 1798-ம் ஆண்டு முதல் 1832-ம் ஆண்டு வரை தஞ்சை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜி மன்னர், ‘தன்வந்திரி மகால்’ என்ற வைத்திய நிலையத்தை நடத்தினார். நம் நாட்டு வைத்தியமும் மேல்நாட்டு வைத்தியமும் அங்கே சேர்ந்து நடந்தன. கண் நோயாளிகளின் கண்களைப் படமாக வரைந்து, நோயின் விவரத்தையும் எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்புகள் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன.

ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது அந்தக் குறிப்புகள் சொல்லும் பாடம். இருநூறு ஆண்டு கழித்தும் அந்தப் பாடம் மாறவில்லை. மாறியது கருவிதான்.

உள்ளங்கையில் ஒரு திரை

கையடக்கமான மின்னணு உருப்பெருக்கி, பார்வைக்குச் செல்போன் மாதிரி இருக்கும். அடியில் ஒரு சிறிய காமிரா. எழுத்தின் மேல் வெளிச்சம் போட விளக்கு. மேலே சில அங்குல அகலத்தில் ஒரு திரை. காகிதத்தின் மேல் வைத்தால், கடுகுபோல் இருந்த எழுத்து திரையில் கொட்டைப்பாக்குபோல் தெரியும். மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றிவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

"இதற்குப் பூதக்கண்ணாடி போதாதா?" என்று கேட்கலாம். லேசான குறைக்குப் போதும், விலையும் குறைவு. ஆனால் பூதக்கண்ணாடியின் சக்தி கூடக் கூட, அதை எழுத்துக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டும். ஏறக்குறைய 10 மடங்கு பெரிதாக்கும் வில்லையைக் காகிதத்திலிருந்து 2.5 சென்டிமீட்டர் தூரத்தில் பிடிக்க வேண்டும். வில்லையும் சிறிதாகிவிடும். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் தெரியாது.

மின்னணுக் கருவியில் அந்தச் சங்கடம் குறைவு. இன்னும் இரண்டு விசேஷங்களும் உண்டு. ஒன்று, வெள்ளைத் தாளில் உள்ள கறுப்பு எழுத்தைக் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக மாற்றிக் காட்டும். வெள்ளைத் தாளின் பளபளப்பு கண்ணைக் கூசுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். இரண்டாவது, உயரத்தில் உள்ள எழுத்தைப் படமாக நிறுத்திக்கொண்டு, பிறகு கண்ணருகே வைத்து நிதானமாகப் படிக்கலாம்.

முன்னோடி யார்?

காமிராவும் டெலிவிஷன் திரையும் சேர்ந்தால் மங்கிய கண்ணும் படிக்கலாம் என்பதை 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர், ராண்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த சாமுவேல் ஜெனென்ஸ்கி. கணித அறிஞரான அவரே குழந்தைப் பருவம் முதல் பார்வை குறைந்தவர். தம் கஷ்டத்துக்கு வழி தேடினார். பலருக்கு வழி பிறந்தது. அன்று மேஜையை அடைத்துக்கொண்ட யந்திரம் இன்று உள்ளங்கைக்குள் வந்துவிட்டது.

வயலில் என்ன பிரயோஜனம்?

புத்தகம் படிக்க மட்டும்தானா இது? விதை மூட்டையின் அட்டையில் என்ன ரகம், எந்தத் தேதி என்று பார்க்கலாம். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பூச்சி மருந்து டப்பா! அளவு தவறினால் பயிருக்கும் கேடு, தெளிப்பவருக்கும் கேடு. அதன் லேபிளில் உள்ள வர்ணத்தைக் கவனிக்க வேண்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலமும் பச்சையும் அதற்குக் கீழே. இங்கே ஓர் எச்சரிக்கை: கறுப்பு-வெள்ளை மாற்றத்தில் கருவியை வைத்திருந்தால் இந்த வர்ணம் சரியாகத் தெரியாது. லேபிளைப் பார்க்கும்போது இயற்கை வர்ணத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

வாங்குமுன் யோசியுங்கள்

கருவி நோயைக் குணமாக்காது. சர்க்கரைக்கும் கண் நீரழுத்தத்துக்கும் மருந்தை நிறுத்தவே கூடாது. பக்கப் பார்வை சுருங்கிக் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் தெரிகிறவர்கள், எழுத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் வாசிப்பது கஷ்டமாகும். எத்தனை மடங்கு தேவை என்பதைக் கண் டாக்டர் அளந்து சொல்ல வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் குறைபார்வைக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

வீட்டில் ஸ்மார்ட் போன் இருந்தால் முதலில் அதைச் சோதித்துப் பார்க்கலாம். அதன் காமிராவே எழுத்தைப் பெரிதாக்கும். பேரனோ பேத்தியோ ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் போதும். அது போதாதவர்கள் தனிக் கருவியைத் தேடலாம். கடைக்குப் போகும்போது தம் பாஸ் புத்தகத்தையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோய், படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறைபார்வையும் இடம் பெற்றிருக்கிறது. சான்றிதழ், உதவி பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

சிறு கால் வைத்த கருவிகளும் உண்டு. அவற்றை மேஜைமேல் நிறுத்தி, அடியில் பேனாவை விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே எழுதலாம். சில நாள் பழக வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த போகம் நெல் போட்டுவிட்டு அந்தப் பெரியவர் மறுபடியும் வங்கிக்கு வருவார். மை டப்பாவைக் குமாஸ்தா நகர்த்தும்போது, "அது வேண்டாம் தம்பி, பேனாவைக் கொடு" என்று அவர் சொல்ல வேண்டும். கோட்டுக்குள் விழும் அந்த ஒரு கையெழுத்தின் மதிப்பு, அதைப் போடுகிறவருக்குத்தான் தெரியும்!