புளியந்தூருக்குள் 24 பற்கள்

பெரம்பலூர் மாவட்டம் குரும்பலூர் பக்கம் மரம் அறுக்கும் மெஷின் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேட்பார். எத்தனை சிசி? எத்தனை இஞ்சு பார் (சங்கிலி சுற்றி ஓடும் நீளத் தகடு)? வேலியோரச் சீமைக்கருவேலத்துக்கு இந்தக் கேள்விகளே போதும். மூன்றடி விட்டமுள்ள, வைரம் பாய்ந்த புளியமரத்தின் தூரில் மெஷினை வைக்கும்போது போதாது. அங்கே வேலையை முடிப்பது எஞ்சினா சங்கிலியா என்று கேட்டால், சங்கிலி என்றே சொல்வேன்.

எஞ்சினை முதலில் பார்த்துவிடுவோம். ஸ்டில் எம்எஸ் 382 என்பது 72.2 சிசி, 3.9 கிலோவாட், பாரும் சங்கிலியும் சேர்க்காமல் 6.2 கிலோ. 3.9 கிலோவாட் என்பது 5 எச்பிக்குச் சற்று மேல். மக்காச்சோளக் காட்டுக் கிணற்றில் ஓடும் மோட்டாரின் பலத்தை ஒரு ஆள் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறார் என்று அர்த்தம். அதற்கு மேலே போனால் எம்எஸ் 661: 91.1 சிசி, 5.4 கிலோவாட், 7.4 கிலோ. ஹஸ்க்வர்னா 395 எக்ஸ்பி: 93.6 சிசி, 4.9 கிலோவாட், 7.9 கிலோ. கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிசி கூடியதில் பலம் குறைவு, எடை அதிகம்! 395 பழைய வடிவமைப்பு. 661-ல் எரிந்த புகையை வெளியே தள்ளும் வேலைக்கு முதலில் வெறும் காற்று உள்ளே வருகிறது. பெட்ரோல் கலவை அதன் பின்னால்தான் வரும். அதனால் எரியாத பெட்ரோல் புகையோடு சேர்ந்து வீணாவது குறைகிறது.

2019-ல் வந்த எம்எஸ் 500i இன்னும் ஒரு படி தாண்டியது. அதில் கார்புரேட்டரே கிடையாது. பெட்ரோலை அளந்து விடுவது எலக்ட்ரானிக் கட்டுப்பாடு. 79.2 சிசியில் 5 கிலோவாட், எடை 6.2 கிலோ. நம் 382-இன் அதே எடைதான். எம்எஸ் 881-ஓ 121.6 சிசி, 6.4 கிலோவாட், 9.9 கிலோ. அடிமரத்தைப் படுக்கவைத்துப் பலகை அறுக்க அது ராஜா. நாள் முழுக்கக் கிளை கழிக்க அதைத் தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும். ஆன்லைனில் மலிவாக வரும் பெயர் தெரியாத 58 சிசி, 22 இஞ்சு மெஷின்களைப் பற்றி ஒரு வரி போதும்: பெட்டியில் அச்சிட்ட சிசியும் சிலிண்டருக்குள் இருக்கும் சிசியும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

இனி சங்கிலிக்கு வருவோம். பெரிய மெஷின்களில் பரவலாக ஓடுவது 3/8 பிட்ச் சங்கிலி. அதில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு வெட்டுப்பல். 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள தூரில் பார் முழுக்க இறங்கினால் ஏறக்குறைய 24 பற்கள் ஒரே நேரத்தில் மரத்தைக் கடித்துக்கொண்டிருக்கும். சங்கிலியைச் சுழற்றும் சக்கரம் ஏழு பல் ஸ்பிராக்கெட், நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் சங்கிலியின் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். எஞ்சினின் பலத்தை இந்த 24 பற்களும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். 382-ல் ஒரு பல்லுக்குக் கிடைப்பது சுமார் 160 வாட். 661-ல் 225.

இதே 382-ல் பற்களை இன்னும் தள்ளித்தள்ளி வைத்த 'ஸ்கிப்' சங்கிலியை மாட்டினால் என்ன ஆகும்? இரண்டே கால் அங்குலத்துக்கு ஒரு பல். மரத்துக்குள் 16 பற்கள்தான். பல்லுக்கு 240 வாட்டுக்கு மேல் வந்துவிடுகிறது. மெஷினை மாற்றாமலே பெரிய மெஷினின் கடி! பற்களுக்கு நடுவே இடம் கூடுவதால், அகலமான வெட்டுக்குள் சிராய் அடைத்துக்கொள்ளாமல் வெளியே வந்து விழவும் வழி கிடைக்கிறது. சின்னக் கிளையில் மட்டும் இது உதறும், இழுக்கும். தூருக்கென்று தனியாக ஒரு சங்கிலி வைத்துக்கொள்வதுதான் வழி.

பாரின் நீளமும் இப்படித்தான். 36 இஞ்சு மரத்துக்கு 36 இஞ்சு பார் வேண்டும் என்பதில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று அறுக்கத் தெரிந்தவருக்கு 25 இஞ்சே போதும். நீளம் கூடக்கூடச் சங்கிலியும் பாரும் உரசுவதிலேயே பலம் கரையும். முனையின் மேல்பகுதி எங்கோ கண்ணுக்குத் தெரியாத கிளையில் பட்டு, மெஷின் முகத்தை நோக்கி எகிறும் ஆபத்தும் கூடும்.

சங்கிலிப் பல் இன்றைய வடிவத்துக்கு வந்த கதையில் ஒரு புழு இருக்கிறது. முதலில் வந்த சங்கிலிகளில் கைவாளின் பற்களைத்தான் அப்படியே பதித்திருந்தார்கள். அவை மரத்தைச் சுரண்டின. அடிக்கடி கூர் வைக்கவும் வேண்டியிருந்தது. 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ், அடிக்கட்டை ஒன்றில் வண்டுப்புழு துளை போடுவதைக் கவனித்தார். அது இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்துக்கொண்டு போனது. இடப்பல் ஒன்று, வலப்பல் ஒன்று என்று கொக்கி வடிவில் அவர் செய்த சங்கிலி 1947-ல் விற்பனைக்கு வந்தது. இன்று நம் ஊர்க் கடைகளில் தொங்கும் 'ஓரிகன்' சங்கிலி அவர் தொடங்கிய தொழிலின் வழி வந்ததுதான். நம் மாந்தோப்புகளைப் படுத்தி எடுக்கும் தண்டுத் துளைப்பான் அந்தப் புழுவின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்தப் பல்லுக்கு எதிரி மரமல்ல, மண். சாலையோர மரப்பட்டையில் படிந்திருக்கும் புழுதியில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. அவை எஃகை விடக் கடினமானவை. இதே பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகளில் கட்டை முழுவதும் சிலிக்காவாகவே மாறிவிட்டது. அதில் மரம் அறுக்கும் எந்தச் சங்கிலியும் ஏறாது. நம் சங்கிலியை மழுக்க அவ்வளவு தேவையில்லை, பட்டையில் ஒரு பிடிப் புழுதியே போதும். அறுக்கும் இடத்தில் பட்டையைக் கோடாலியால் செதுக்கிவிட்டு ஆரம்பிப்பவர் கெட்டிக்காரர்.

அடுத்தது ஆணி. மரம் நுனியில்தான் உயரும், அடியில் பருக்க மட்டுமே செய்யும். எனவே விளம்பரப் பலகைக்காக ஆள் உயரத்தில் அடித்த ஆணி, 30 வருடம் கழித்தும் ஆள் உயரத்திலேயே இருக்கும். புதுக்கட்டை வளர்ந்து மூடிவிடுவதால் கண்ணில் படாது. தூரில் முழங்காலுக்குக் கீழே அறுக்கும்போது தப்பித்துவிடலாம். விழுந்த மரத்தைத் துண்டு போடும்போதுதான் 80 கிலோமீட்டர் வேகத்தில் பல் இரும்பில் மோதும்.

பல் மழுங்கியதைக் கீழே விழுவதை வைத்தே சொல்லிவிடலாம். கூராக இருந்தால் சிராய் செதிலாக விழும். மழுங்கினால் மாவாகக் கொட்டும். மெஷினை அழுத்தித் தள்ளத் தோன்றினால் அப்போதே நிறுத்த வேண்டும். 3/8 சங்கிலிக்கு 5.2 மில்லிமீட்டர் உருண்டை அரம். 30 டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளியே, ஒரே திசையில், பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு. எல்லாப் பல்லுக்கும் ஒரே கணக்கு. இடப்பல் நீண்டு வலப்பல் குட்டையானால் வெட்டு ஒரு பக்கமாக வளைந்துகொண்டு போகும். பல்லுக்கு முன்னால் நிற்கிற சின்னத் திமிலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். அரம் போடப்போடப் பல் தாழும், திமில் அப்படியே நிற்கும். பிறகு எவ்வளவு கூர் இருந்தாலும் கடிக்காது. பல்லின் நுனிக்கு 0.65 மில்லிமீட்டர் கீழே இருக்கும்படி திமிலையும் தேய்க்க வேண்டும். சீக்கிரம் அறுக்கட்டும் என்று அதற்கு மேல் தேய்த்தால் மெஷின் உதைக்கும்.

சங்கிலிக்கு ஒர்க்‌ஷாப்பில் வடித்த பழைய என்ஜின் ஆயிலை ஊற்றுவது ஊரெங்கும் வழக்கம். அதில் மிதக்கும் இரும்புத் தூள் பாரின் காடியைத் தின்கிறது. தெறித்துத் தெறித்துக் கையில் படுகிற அந்த எண்ணெயில் புற்றுநோய் தரும் பொருள்களும் உண்டு. காடி ஒரு பக்கமாகத் தேயாமலிருக்க, கூர் வைக்கும்போதெல்லாம் பாரைத் திருப்பி மாட்டலாம். இரண்டு சங்கிலி தேய்ந்ததும் ஸ்பிராக்கெட்டையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் மாட்டிய புதுச் சங்கிலி சீக்கிரமே நீண்டு தொங்கிவிடும்.