கிள்ளானைக் காத்த வாய்க்கால்கள்

1901 ஆம் ஆண்டு செப்டம்பரில் கிள்ளான் ஆற்று முகத்துவாரத்தில் புதிய துறைமுகம் ஒன்று திறக்கப்பட்டது. சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்பது அதன் அன்றைய பெயர். இன்று அது கிள்ளான் துறைமுகம். சதுப்பு நிலத்தில் அமைந்த அவ்விடத்தில் மலேரியா என்னும் குளிர்காய்ச்சல் தொழிலாளரைக் கூட்டம் கூட்டமாகப் பற்றியது. துறைமுகத்தை மூடிவிடும் பேச்சும் எழுந்தது.

அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் மால்கம் வாட்சன் என்பவர் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்திருந்தார். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்டு ராஸ் 1897 இல் செகந்திராபாத்தில் கண்டறிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவ்வுண்மையை வாட்சன் செயலில் காட்டினார். அவர் முயற்சியால் காடு வெட்டப்பட்டது. வாய்க்கால் தோண்டிச் சதுப்பு நீர் வடிக்கப்பட்டது. துறைமுகத்தில் கடல்நீர் ஏறாதபடி கரை கட்டப்பட்டது. 1901 இல் மலேரியாவால் மருத்துவமனையில் சேர்ந்த கிள்ளான் நகரத்தார் 334 பேர்; 1905 இல் 12 பேரே. துறைமுகத்தில் 188 ஆக இருந்த தொகை 11 ஆகக் குறைந்தது.

மாவட்டத்தின் ஏனைய பகுதிகளிலோ அதே காலத்தில் 197 என்பது 353 ஆக உயர்ந்தது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகி, ஆள்தொகை கூடியதும் இதற்கு ஒரு காரணமாகும். ஆயினும் நகருக்குக் கிடைத்த காவல் தோட்டங்களுக்குக் கிட்டவில்லை என்பதும் தெளிவு. அங்கே காடழித்துக் கன்று நட்டவருள் தமிழர் பலர்.

பின்னர் வேறொரு புதிர் தோன்றியது. சமநிலத்தில் நோயைத் தணித்த காடழிப்பே குன்றுப் பகுதியில் நோயை வளர்த்தது! காரணம், கொசுவின் இன வேறுபாடு. கரையோரச் சமநிலத்து அனோபிலஸ் அம்புரோசஸ் நிழல் படிந்த காட்டுக் குட்டைகளில் முட்டையிடுவது; நிழல் போனால் அதுவும் போகும். குன்றுகளில் வாழும் அனோபிலஸ் மாக்குலேட்டஸ் வெயில் படும் தெளிந்த ஓடைகளையே நாடுவது. மரங்களை வெட்டியபோது மனிதரே அதற்கு இடம் அமைத்துக் கொடுத்தனர். ஆகவே, குன்றுகளில் நீரை நிலத்தடிக் குழாய்களில் ஓடவிட்டனர். ஓடைகளில் எண்ணெய் தெளித்தனர்.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கை வருத்துவது டெங்கிக் காய்ச்சல். அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு சதுப்பையோ ஓடையையோ தேடுவதில்லை. பூச்சாடித் தட்டில் தேங்கிய சிறிதளவு நீரே அதற்குப் போதும். எந்தக் கொசு எந்த நீரில் வளர்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும் என்னும் வாட்சன் காலத்துப் பாடம் இன்றும் பழுதாகவில்லை. அன்று அது மருத்துவரும் பொறியாளரும் கற்ற பாடம். இன்று வீடுதோறும் கற்க வேண்டிய பாடமாகும்.