இரணைமடு: கட்டும் கட்டுப்பாடும்

அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள ஹான்கொக்கில், ஷேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் கூட்டுவாழ்வுக் குழுவினரின் கிராமம் நூதனசாலையாகப் பேணப்படுகிறது. 1826இல் அவர்கள் கட்டிய வட்டக் கல் மாட்டுத்தொழுவத்தின் நடுவில் வைக்கோல் குவியும். மாடுகள் சுற்றி நின்று தின்னும். மணவாழ்வை விலக்கிய குழு அது. ஆட்கள் குறைந்து, 1960இல் அங்கே அவர்களின் வாழ்க்கை முடிந்தது. தொழுவம் நிற்கிறது, அதை நடத்திய ஒழுங்கு போய்விட்டது. மரபைப் பேணுவதென்றால் இப்படித்தான் என்று எண்ணி வட இலங்கையின் கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்துக்கு வருகிறவருக்கு ஒரு நீண்ட மண்கட்டும் தண்ணீரும்தான் தெரியும். பேணப்பட்டிருப்பது எதுவென்று அறிய, குளம் இயங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

குளம் எண்ணெயோ மின்சாரமோ கேட்காத இயந்திரம். நிலத்தின் சரிவே அதன் விசை. வவுனியாப் பக்கமிருந்து வடக்கே ஓடும் கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய வேலை 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. பிறகும் கட்டு பலமுறை உயர்ந்தது. 2018இல் நிறைவேறிய புனரமைப்போடு நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாகி, கொள்ளளவு சுமார் 147 மில்லியன் கனமீற்றர் ஆயிற்று. 36 அடி ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஏறத்தாழ 11 தொன் நீர் அழுத்துகிறது. அதனால்தான் கட்டு அடியில் அகன்று மேலே ஒடுங்குகிறது. கட்டின் அடியிலுள்ள துருசின் கதவைத் தூக்கினால், அந்த அழுத்தமே நீரை இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களுக்குத் தள்ளும். மிஞ்சிய நீர் போக வான் உண்டு. பார்க்க வருகிறவர்கள் வான் பாய்வதை வேடிக்கையாகவே பார்க்கிறார்கள். உண்மையில் குளத்தின் உயிர் அங்கேதான். மண்கட்டின் மேலாக நீர் வழிந்தால் அது மண்ணை அரித்துச் சில மணிநேரத்திலேயே உடைப்பெடுக்கக்கூடும். வான்கதவை எப்போது, எவ்வளவு திறப்பது என்பதும் சிறிய முடிவல்ல. 2018 டிசம்பர் வெள்ளத்தின்பின் கிளிநொச்சியில் எழுந்த வாக்குவாதங்கள் அதைச் சுற்றியே நடந்தன.

ஆனால் கதவைத் தூக்குவதோடு வேலை முடிவதில்லை. காலபோகத்துக்கு மாரிமழை துணைநிற்கும். சிறுபோகத்துக்குக் குளமே கதி. எல்லாக் காணிக்கும் தண்ணீர் காணாது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த நாளில் நீர் திறப்பது, எந்த நாளில் நிறுத்துவது என்பதைக் கமக்காரர் அமைப்புகளும் நீர்ப்பாசனத் திணைக்களமும் மாவட்ட நிர்வாகமும் கூட்டத்தில் கூடித் தீர்மானிக்கின்றன. இந்த வழக்கம் குளத்தைவிடப் பழையது. பழைய நீர்ப்பங்கீட்டு வழக்கங்களை மீட்டுச் சட்டமாக்க ஆங்கில அரசே 1856இல் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தது. 2008இன் பிற்பகுதியில் போர் மக்களை இடம்பெயர்த்தபோது, கட்டும் வாய்க்காலும் இருக்க, நீரைப் பங்கிட ஆளில்லாது போயிற்று. ஹான்கொக்கின் நிலைக்கு இரணைமடு மிகக் கிட்டப் போனது அப்போதுதான். மீள்குடியேறியவர்கள் திரும்பிவந்து வயலோடு சேர்த்து அந்த ஒழுங்கையும் மீட்டார்கள். யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்தைக் கமக்காரர் எதிர்த்ததும் அந்த ஒழுங்குக்குள் அடங்கியதே. சாகாத ஒழுங்குக்குத்தான் சண்டை வரும்.

நூறு வருடக் கட்டை, அதுவும் இத்தனை தரம் மாற்றியதை, மரபு என்பது மிகையல்லவா என்று கேட்கலாம். ஹான்கொக் தொழுவமும் 1864இல் எரிந்து, பின்னர் மாற்றங்களோடு எழுப்பப்பட்டதே. பழமை குறைந்ததென்று எவரும் சொல்வதில்லை. இன்னொரு மறுப்பு கனமானது: பயன்பாட்டிலுள்ளதைத் திருத்தும்போதெல்லாம் பழைய கைவேலையின் தடயம் அழிகிறது. இது உண்மை. இயங்கும் குளத்தைப் பழுதாக விட்டுவைக்க முடியாது. கழற்றிய பாகங்களைக் காப்பாற்ற முடியும். அடுத்த திருத்தத்தில் அகற்றப்படும் கதவுகளையும் திருகுகளையும் இரும்புக்கடைக்கு அனுப்பாமல், துருசு வேலைசெய்யும் விதத்தை விளக்கும் பலகையோடு குளக்கட்டின் அருகே வைக்கும்படி நீர்ப்பாசனத் திணைக்களத்தைக் கமக்காரர் அமைப்புகள் கேட்க வேண்டும்.