பேச்சுப் பயிற்சியில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்?

'காக்கா' என்று சொல்ல எண்ணித் 'தாத்தா' என்று மொழியும் மழலையைக் கேட்டு மகிழாதார் யார்? இரண்டு வயதில் அது இன்பம் தரும். ஏழு வயதிலும் அது நீங்காவிடின் அப்பிள்ளைக்கு அதுவே துன்பமாகிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் அத்தகைய மாணவன் ஒருவன் இருந்தான். 'கடை' என்பது அவன் வாயில் 'தடை' ஆகும். 'கண்' என்பது 'தண்' ஆகும். மற்றப் பிள்ளைகள் நகைத்தனர். அவன் மனம் நோகக் கூடாதென்று கருதி, அவனை வாய்விட்டு வாசிக்கச் சொல்வதையே நான் நிறுத்திவிட்டேன். அதை இரக்கமென்று எண்ணினேன். உண்மையில் அது என் தவறு. நாளடைவில் அவன் பேசுவதையே குறைத்துக்கொண்டான். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பாட்டியார் சொன்னார். நானும் அதையே சொன்னேன். பின்னர் மருத்துவர் ஒருவர் அவனைப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார். தாயாருக்குத் துணையாக நானும் ஒருநாள் உடன் சென்றேன். அங்குக் கண்டதையே பெற்றோர்க்கும் மாணவச் செல்வங்களுக்கும் இங்கு எழுதுகிறேன்.

முதலில் அவனுடைய செவிப்புலனைச் சோதித்திருந்தனர். காதில் சரியாக விழாத ஒலி வாயில் சரியாக வராது அன்றோ? அடுத்து நாக்கு, பல், அண்ணம் ஆகியவற்றைப் பார்த்தனர். எக்குறையும் இல்லை.

பயிற்றுநர் மலாய்க்காரப் பெண்மணி. ஆதலால் தமிழ்ச் சொற்களைத் தாயாரே சொன்னார். மேசைமீது காக்கை படமொன்றும் முதியவர் படமொன்றும் வைக்கப்பட்டன. தாயார் 'காக்கா' என்றோ 'தாத்தா' என்றோ சொல்ல, அவன் உரிய படத்தைத் தொட வேண்டும். முதற்பயிற்சி காதுக்குத்தான்!

பின்னர்க் கண்ணாடி வந்தது. 'த' என்னும்போது நுனிநா பல்லைத் தொடுகிறது; 'க' என்னும்போது நாவின் அடிப்பகுதி எழுந்து அண்ணத்தின் பின்பகுதியைத் தொட வேண்டும். அவ்விடத்தை அவன் உணரும்பொருட்டு, தண்ணீரைத் தொண்டையில் வைத்துக் கொப்பளிக்கச் செய்தனர். மெல்லிய குச்சியொன்றால் நுனிநாவை இலேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு 'க' என்று சொல்லச் சொன்னார். பத்துப் பன்னிரண்டு முறை தவறிய பின் ஒருமுறை சரியான ஒலி பிறந்தது. தாயாரின் கண்கள் கலங்கின.

இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. எழுத்துகள் பிறக்கும் இடங்களை நம் தொல்காப்பியம் பிறப்பியலில் எட்டாக வகுத்துக் கூறுகிறது. ககரம் அடிநா அடியண்ணத்தைப் பொருந்தப் பிறக்கும் என்பதும் அங்கு உண்டு. இலக்கண வகுப்பில் நான் பலமுறை கற்பித்த பாடத்தை, அச்சிறுவன் தன் வாயாலேயே கற்றுக்கொண்டிருந்தான்!

ஒலி வந்துவிட்டால் போதாது. தனியொலி, பின் அசை, பின் சொல், பின் வாக்கியம், இறுதியில் இயல்பான பேச்சு என்று படிப்படியாக ஏற வேண்டும். இதற்குத்தான் விளையாட்டு. காந்தத் தூண்டிலால் அட்டை மீன்களைப் பிடித்து, ஒவ்வொரு மீனிலும் உள்ள படத்தின் பெயரை அவன் சொன்னான். 'காக்கி', 'கூக்கூ' என்ற மலாய்ச் சொற்களும் அவற்றுள் இருந்தன. "விளையாடவா ஒருநாள் கூலியை விட்டு வந்தோம்?" என்று தாயார் முணுமுணுத்தார். ஆனால், சலிப்பின்றி ஒரே ஒலியைப் பன்முறை சொல்லவைக்கும் வழி, பிள்ளைக்கு விளையாட்டன்றி வேறில்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பயிற்சியன்று. திக்கிப் பேசும் பிள்ளைக்கு, அவசரமின்றிப் பேசும் பயிற்சியும் பெற்றோர் பொறுமையுடன் கேட்கும் முறையும் கற்பிக்கப்படும். இன்னும் பேச்சு வராத குழந்தை, வேண்டியதைப் படத்தைக் காட்டியோ சைகையாலோ கேட்கப் பழகும். இதனால் பேச்சு வருவது தடைப்படாது.

மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேச்சு அறிவியல் பட்டப்படிப்பு 1995ஆம் ஆண்டு தொடங்கியது. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டம் இதனை ஒரு தொழிலாக ஏற்றுள்ளது. நம் ரஹாங் வட்டாரத்தார்க்குச் சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனை அருகிலேயே உள்ளது. முதலில் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைக் கண்டு பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையையும், நான்கு வயதில் பிறர்க்கு விளங்காதவாறு பேசும் குழந்தையையும் காலந்தாழ்த்தாது காட்டுதல் நன்று. 'ர', 'ழ' போன்ற ஒலிகள் சற்றுப் பிந்தியே வரும்; அதற்காக அஞ்ச வேண்டுவதில்லை. நாவில் வசம்பைத் தேய்ப்பது பயன் தராது, தீங்கும் செய்யலாம். தமிழை விட்டுவிட்டு வேறு மொழி பேசினால் பேச்சு சீராகும் என்பதும் தவறான எண்ணமே.

பயிற்சியறையில் கழிவது சிறிது நேரந்தான். வீட்டில் நாள்தோறும் பத்து நிமிடம் செய்வதே பலன் தரும். அத்தாயார் பால்வெட்டு முடிந்து வந்து, படங்களை வைத்துக்கொண்டு மகனுடன் தவறாது அமர்ந்தார்.

பல மாதங்களுக்குப் பின், ஒருநாள் அவனே எழுந்து, "நான் வாசிக்கவா, ஐயா?" என்று கேட்டான். ஒரு பத்தி முழுவதும் வாசித்தான். விரைவில் இரண்டு இடங்களில் தவறினான், தானே திருத்திக்கொண்டான். வகுப்பில் எவரும் நகைக்கவில்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் நண்பன் ஒரு சொல்லைச் சொல்லத் தடுமாறும்போது, நகையாதீர். முந்திக்கொண்டு நீங்களே சொல்லியும் விடாதீர். அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். அன்று நான் செய்யத் தவறியது அதுவே.