உங்களுக்குத் தெரியுமா? இராணுவ ஆணையும் கொழுந்து மலையும்

● இலங்கையில் இராணுவம் ஒருபோதும் ஆட்சியைக் கைப்பற்றியதில்லை. 1962 ஜனவரியில் இராணுவ, பொலிஸ் உயரதிகாரிகள் சிலர் அதற்கு முயன்றார்கள். திட்டம் முன்கூட்டியே வெளிப்பட்டுவிட்டது. தண்டனை பெற்ற 11 பேரையும் பிறகு இலண்டன் பிரிவி கவுன்சில் விடுவித்தது.

● சீருடைக்காரர்கள் அதிகாரத்துக்கு வந்தது வாக்குச்சீட்டின் வழியாக. 2019 நவம்பரில் முன்னாள் லெப்டினன்ட் கேணல் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானார். அவரது ஆட்சியில் கொரோனா தடுப்பு நிலையத்துக்கு இராணுவத் தளபதி தலைவராக இருந்தார். 2021 செப்டம்பரில் அரிசி, சீனி விலையைக் கட்டுப்படுத்தவும் ஒரு மேஜர் ஜெனரலையே நியமித்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அரிசிக்கான விலைக்கட்டுப்பாட்டை அரசே கைவிட்டது.

● 2021 மே மாதம் அதே அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது. தேயிலை இலைக்காகவே வளர்க்கும் செடி. வாரத்துக்கு வாரம் கொழுந்தைக் கிள்ளி எடுக்கும்போது மண்ணின் நைட்ரஜனும் கூடவே போகிறது. யூரியா போட்டுத்தான் அதை ஈடுசெய்வார்கள். உரம் காணாத மலையில் கொழுந்து குறையும். சொன்ன கிலோ வராவிட்டால் பறிப்பவருக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாட்சம்பளம்! கொழும்பில் எழுதிய ஆணைக்கு, மலையகத்தின் நோட்டன் பிரிட்ஜ் போன்ற இடங்களில் கூடை சுமப்பவர்களின் சம்பளத்தில்தான் வெட்டு விழுந்தது. இதை மன்னிக்க என்னால் முடியவில்லை. நவம்பரில் தடை நீங்கியும் மலை உடனே தேறவில்லை: 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோ.

● தோட்டத் தொழிலாளர்களுக்கு 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்த 1,000 ரூபாய் நாட்சம்பளம் அன்று சுமார் 5 டொலர். 2022 மே மாதத்தில் அதே 1,000 ரூபாய் 3 டொலருக்கும் குறைவு. அந்த ஆகஸ்டில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) அடுப்புக்கான மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ஆனது.

● நோட்டன் பிரிட்ஜில் 50 மெகாவாட் விமலசுரேந்திர நீர்மின் நிலையம் இருக்கிறது. அது இருந்தும், 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் ஒரு நாளில் 13 மணி நேர மின்வெட்டு.

● இராணுவம் ஆண்டு கடனை ஏற்றிய நாடும் உண்டு: ஆர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி. வெளிநாட்டுக் கடன் சுமார் 800 கோடி டொலரிலிருந்து 4,500 கோடியாக ஏறியது. இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றாமலே இலங்கை 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அறிவித்தது. ஜூலையில் கோட்டாபய நாட்டைவிட்டு ஓடினார்.

● ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கை வைத்திருந்த பாக்கி 25.1 கோடி டொலர். அதைத் தேயிலையாகக் கொடுக்க 2021 டிசம்பரில் உடன்பாடு: மாதம் 50 இலட்சம் டொலர் பெறுமதி. கணக்குப்படி 4 ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து அடைக்க வேண்டிய கடன் அது.