சாடில் சிகரம் ஏறலாம். காலைத் தயார் செய்தீர்களா?

அந்தமானில் கடல் மட்டுந்தான் உண்டு என்று நினைப்பவர்கள் பலர். அங்கே மலையும் உண்டு. வடக்கு அந்தமானில், டிக்லிபூர் அருகே நிற்கும் சாடில் சிகரம்தான் அந்தமான் தீவுகளிலேயே உயரமானது. உயரம் சுமார் 730 மீட்டர்.

"இவ்வளவுதானா? ஊட்டி 2,240 மீட்டர் ஆயிற்றே!" என்று சிரிக்க வேண்டாம். ஊட்டிக்கு பஸ்ஸில் தூங்கிக் கொண்டே போய் இறங்கி விடலாம். இங்கே கடற்கரையில் தொடங்கி, உச்சி வரை ஒவ்வொரு அடியையும் சொந்தக் காலால்தான் ஏற வேண்டும்.

போகும் வழி

சென்னையில் இருந்து கப்பலில் போனால் போர்ட் பிளேர் சேர சுமார் 3 நாள் ஆகும். 2024-ம் ஆண்டில் அந்த ஊருக்கு ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். கப்பல் தினமும் கிடையாது. ஆகவே தேதியைப் பார்த்துக் கொண்டு லீவு எழுதிக் கொடுப்பது நல்லது. தீவில் ரெயில் இல்லை. டிக்லிபூருக்கு சுமார் 300 கி.மீ. பஸ் பயணம், ஒரு பகல் முழுவதும் அதற்கே போய்விடும். வழியில் ஜாரவா பழங்குடியினரின் காடு வருகிறது. அங்கே வண்டியை நிறுத்தவோ, படம் எடுக்கவோ கூடாது. அது சட்டம்.

மொழிக்குக் கவலை இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி, இந்தத் தீவுகளில் 100 பேரில் 15 பேருக்குத் தமிழ்தான் தாய்மொழி.

மலை இருப்பது தேசியப் பூங்காவுக்குள். காளிபூரைத் தாண்டி லாமியா விரிகுடா அருகில் வனத்துறையின் அனுமதி பெற்று, வழிகாட்டியுடன் நடக்க வேண்டும். முதலில் கடலோரப் பாதை. பிறகு ஒரே ஏற்றம். வேரும் கல்லும் நிறைந்த வழி. போக சுமார் 8 கி.மீ., வர 8 கி.மீ.

இரண்டு மாதப் பயிற்சி

நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து லெட்ஜர் எழுதுகிறவர் திடீரென்று மலை ஏறினால் முழங்கால் சும்மா விடாது. பயிற்சிக்குப் பணம் வேண்டாம். ரெயில் நிலைய மேம்பாலம் போதும். முதல் வாரம் 5 தடவை ஏறி இறங்குங்கள். வாரா வாரம் கூட்டி, 20 தடவை வரை கொண்டு போங்கள். கடைசி வாரங்களில் தோளில் 5 கிலோ பையும் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் 10 கி.மீ. நடை.

ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போதுதான் தொடை நடுங்கும். அதனால் படி இறங்கிப் பழகுவது முக்கியம். புது ஷூ வாங்கினால் அதைப் போட்டுக் கொண்டே பழகுங்கள். மலையில் முதன்முதலாகப் போட்டால் காலில் கொப்புளம் நிச்சயம்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களும், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களும் டாக்டரைப் பார்த்து விட்டே கிளம்ப வேண்டும். கோவை வெள்ளியங்கிரி மலையில் 2024-ல் பக்தர்கள் சிலர் ஏறும்போதே உயிரிழந்த செய்தியை மறந்து விடக்கூடாது. சபரிமலையில் டோலி உண்டு. இந்தக் காட்டில் அதெல்லாம் கிடையாது.

பையில் என்ன?

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம். சப்பாத்தி அல்லது புளிசாதம், கடலை மிட்டாய். டார்ச் விளக்கு, விசில், காயத்துக்குத் துணிக்கட்டு. மழை ஈரம் இருந்தால் அட்டை ஏறும். நீளக் காலுறையும் ஒரு பிடி உப்பும் உதவும். தென்மேற்குப் பருவ மழைக் காலத்தில் போகவே வேண்டாம். மழை ஓய்ந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம்.

இன்னொன்று: கடலைக் கண்டதும் குளிக்க இறங்கி விடாதீர்கள். அந்தமான் கழிமுகங்களில் உப்புநீர் முதலை உண்டு. வழிகாட்டி சொன்ன இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

கடிகாரம்தான் எஜமான்

அந்தமான் கிழக்கே இருக்கிறது. கடிகாரமோ நம் ஊர்க் கடிகாரம். டிசம்பரில் மும்பையில் மாலை 6 மணிக்கு வெளிச்சம் இருக்கும். அங்கே 5 மணிக்கே சூரியன் மறைந்து விடும். மரத்தடியில் அதற்கு முன்பே இருட்டு. ஆகவே, விடிந்ததும் நடக்கத் தொடங்க வேண்டும். பகல் 12 மணி ஆனால், எந்த இடத்தில் நின்றாலும் திரும்பி விட வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி!

கூட்டமாகப் போகும்போது சண்டை வருவது இதில்தான். "இவ்வளவு செலவு செய்து வந்து விட்டுத் திரும்புவதா?" என்பார் ஒருவர். கால் தளர்ந்தவர் வெட்கப்பட்டுக் கொண்டு வாய் திறக்க மாட்டார். அதனால் திரும்பும் நேரத்தை ஊரிலேயே பேசி முடிவு செய்து விடுங்கள். மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, மற்றவர்கள் அவர் வேகத்தில் நடக்க வேண்டும். வழிகாட்டி "போதும்" என்றால் போதும்தான்.

சிகரம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். மணியார்டர் எதிர்பார்த்து ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு, நீங்கள் முழுசாகத் திரும்பி வருவதுதான் முக்கியம்.