நேராகப் பறந்தால் போதுமா?

தொழில் வழிகாட்டி நிகழ்ச்சிகளுக்காகப் பள்ளிகளுக்குச் செல்லும்போது மாணவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இப்போதெல்லாம் கணினிதானே விமானத்தை ஓட்டுகிறது? விமானிக்கு எதற்கு சார் கணக்கு?" சிறிய விமானங்களை ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் என்ற முறையில் அதற்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கார் ஓடும் சாலை நகர்வதில்லை. விமானம் பறக்கும் காற்றோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆற்றைக் கடக்கும் படகோட்டி எதிர்க்கரைப் படித்துறையை நேராகப் பார்த்துத் துடுப்புப் போட்டால், நீரோட்டம் அவரைக் கீழே இழுத்துச் சென்றுவிடும். விமானத்துக்கும் இதே கதிதான்.

சுபாங்கிலிருந்து ஈப்போவுக்கு நேர்க்கோட்டில் சுமார் 90 கடல் மைல். மணிக்கு 100 கடல் மைல் வேகத்தில் செல்லும் சிறிய விமானத்தின் மீது, இடப்புறமிருந்து மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் காற்று வீசுவதாக வைத்துக்கொள்வோம். இது பெரிய காற்றே அல்ல. ஆனால் விமானி எதுவும் செய்யாவிட்டால், 90 மைல் முடிவில் விமானம் சுமார் 9 மைல், அதாவது ஏறக்குறைய 17 கிலோமீட்டர், வலப்புறம் விலகியிருக்கும். அந்தப் பக்கம் இருப்பது தித்திவாங்சா மலைத்தொடர். அங்கே 2,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள் உண்டு. மேகம் மூடிய நாளில் அந்த 9 மைல் உயிர்ப்பிரச்சினை.

இதைச் சரிசெய்ய விமானிகள் மனத்திலேயே போடும் கணக்குக்கு 'அறுபதுக்கு ஒன்று' விதி என்று பெயர். 60 மைல் ஆரம் கொண்ட வட்டத்தின் சுற்றளவு சுமார் 377 மைல். அதை 360 பாகையால் வகுத்துப் பாருங்கள். ஒரு பாகைக்கு ஏறக்குறைய ஒரு மைல் வரும். ஆகவே, திசை ஒரு பாகை தவறினால் 60 மைலில் ஒரு மைல் விலகுவோம்.

30 மைல் பறந்ததும், வலப்பக்கம் தெரியும் தஞ்சோங் மாலிம் நகரம் வரைபடம் காட்டுவதைவிட 3 மைல் நெருக்கமாக இருக்கிறது. 30 மைலில் 3 என்றால் 60 மைலில் 6. எனவே விலகல் 6 பாகை. இடப்புறம் 6 பாகை திரும்பினால் விலகல் மேலும் கூடாது, அவ்வளவுதான். ஈப்போவை அடைய, மீதமுள்ள 60 மைலில் அந்த 3 மைலையும் ஈடுகட்ட இன்னும் 3 பாகை வேண்டும். மொத்தம் 9 பாகை. இப்போது விமானத்தின் மூக்கு ஒரு பக்கம் பார்க்க, விமானம் நண்டுபோல இன்னொரு பக்கம் நகரும். ஆனால் போக வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும்.

மூக்கு நோக்கும் திசை வேறு, விமானம் போகும் பாதை வேறு. 1983 செப்டம்பர் 1ஆம் தேதி இந்த வேறுபாடு 269 உயிர்களைக் குடித்தது. அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து சோலுக்குப் புறப்பட்ட கொரிய விமானம் 007, பாதையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் விலகி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்தது; அங்கே சுட்டு வீழ்த்தப்பட்டது. தானியங்கிக் கருவி வகுத்த பாதையைப் பின்பற்றாமல், ஒரே திசையை மட்டும் பிடித்துக்கொண்டு ஐந்து மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்ததை விமானிகள் கவனிக்கவில்லை என்று பன்னாட்டு விசாரணை பின்னர் முடிவு செய்தது. கருவி பழுதாகவில்லை. அது சரியான பாதையில்தான் போகிறதா என்று யாரும் சரிபார்க்கவில்லை. அதே மாதத்தில்தான், ஜிபிஎஸ் வசதியைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கும் திறந்துவிடப் போவதாக அமெரிக்கா அறிவித்தது.

இன்று ஜிபிஎஸ் இல்லாத விமானம் அரிது. இருந்தும் என் மாணவர்களுக்கு வரைபடம், கைக்கடிகாரம், மனக்கணக்கு மூன்றையும் முதலில் கற்றுத்தருகிறேன். திரை காட்டுவது சரிதானா என்று கேட்க, திரைக்கு வெளியே ஒரு கணக்கு வேண்டும். எனவே விமானியாக விரும்பும் மாணவர்களே, கூடுதல் கணிதத்தில் வரும் திசையன் பாடத்தைத் தேர்வோடு மறந்துவிடாதீர்கள்.